ஓநாய் திரும்பினால் ஆறும் திரும்புமா?

கேள்வி: 6 செப்டம்பர் 2025

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக இல்லாதிருந்த ஓநாய்களை 1995இல் கொண்டுவந்து விட்டார்கள். ஓநாய்க்கு அஞ்சி எல்க் மான்கள் ஆற்றங்கரையை விட்டு விலகின. கரையில் வில்லோவும் ஆஸ்பெனும் தழைத்தன. மரம் தழைத்ததும், ஓடைகளில் அணை கட்டும் பீவர்கள் வந்து சேர்ந்தன. கரை உறுதிப்பட்டு ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டது. ஒரே ஒரு விலங்கு ஒரு நிலப்பரப்பையே சீராக்கியது என்றால், அழிந்துபோன இனத்தை மீண்டும் கொண்டுவந்து விடுவது ஒன்றே போதும், மற்றதை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்றுதானே ஆகிறது? இதை யாராவது மறுக்க முடியுமா?

6 செப்டம்பர், இரவு

பாதியை மறுக்க முடியும். 1995, 1996 ஆகிய இரண்டு குளிர்காலங்களில் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் கொண்டுவரப்பட்டன என்பதும், பூங்காவின் வடபகுதியில் இருபதாயிரத்தை நெருங்கியிருந்த எல்க் மான்கள் அதன் பின்னர் பெருமளவு குறைந்தன என்பதும் உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் பழுப்புக் கரடிகளும் பூமாக்களும் பெருகிவந்தன, பூங்காவின் எல்லையைத் தாண்டிய மான்களை மனிதர்கள் வேட்டையாடினார்கள், மழையும் பொய்த்தது. இத்தனையும் ஒன்றாக நடந்த இடத்தில் ஓநாயை மட்டும் தனியே எடுத்துப் பாராட்டுவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக முடிந்துவிடக்கூடும். காக்கைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

7 செப்டம்பர்

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்று விடுபட்டது. ஓநாய் இல்லாத அந்த நீண்ட காலத்தில் எல்க் மான்கள் வில்லோவை மொட்டையடித்தன. வில்லோ போனதும் அதையே தின்று, அதைக் கொண்டே அணை கட்டி வாழும் பீவர்கள் பூங்காவின் சிற்றோடைகளை விட்டு மறைந்தன. அணைகள் உடைந்ததும் ஓடை தன் படுகையை ஆழமாக அரித்துக்கொண்டு கீழே இறங்க, அதனுடன் நிலத்தடி நீரும் இறங்கிவிட்டது. இப்போது மானின் வாய் விலகினாலும், வில்லோவின் வேருக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. பீவர் திரும்பி வர உயர்ந்த வில்லோ வேண்டும், வில்லோ உயர பீவரின் அணை வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கின்றன.

இது வெறும் ஊகமும் அன்று. 2001இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த ஒரு சோதனையில், சில ஓடைகளில் மான் நுழையாதபடி வேலி போட்டார்கள், சில இடங்களில் பீவர் கட்டுவதைப் போன்ற சிறு அணைகளையும் அமைத்தார்கள். வேலி மட்டும் போட்ட இடங்களைக் காட்டிலும் அணையால் நீர்மட்டத்தை உயர்த்திய இடங்களிலேயே வில்லோ நன்றாக ஓங்கியது. இந்த முடிவை எல்லா ஆய்வாளர்களும் ஒரேவிதமாகப் படிக்கவில்லை. ஓநாயின் பங்கு எவ்வளவு என்ற வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

9 செப்டம்பர்

ஒற்றை இனத்துக்கு இவ்வளவு பலம் உண்டு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அது கதையிலிருந்து வரவில்லை, கையால் செய்த சோதனையிலிருந்து வந்தது. ராபர்ட் பெய்ன் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1963இல் வாஷிங்டன் மாநிலத்தின் பாறைக் கடற்கரை ஒன்றில், ஒரு குறிப்பிட்ட பகுதியிலிருந்து ஊதாநிற நட்சத்திர மீன்களைப் பெயர்த்தெடுத்துக் கடலுக்குள் எறிந்தார். அவை திரும்ப ஏறி வரும்போதெல்லாம் மீண்டும் எறிந்தார். பக்கத்திலேயே இன்னொரு பகுதியைத் தொடாமல் விட்டுவைத்தார். நட்சத்திர மீனுக்குப் பிடித்த இரை, பாறையில் அப்பிக்கொண்டு வாழும் ஒருவகை மட்டி. தின்பவன் இல்லாமல் போனதும் முதலில் பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்களான கொட்டலசுகள் பரவின. பின்னர் மட்டிகள் அவற்றையும் தள்ளிக்கொண்டு கீழ்நோக்கி இறங்கிப் பாறையை மூடின. அங்கே எண்ணப்பட்ட 15 இனங்கள் 8ஆகக் குறைந்தன. 1966இல் அவர் இதை வெளியிட்டார். 1969இல், எண்ணிக்கையில் சிறிதாக இருந்தும் முழுச் சமூகத்தையும் தாங்கி நிற்கும் இத்தகைய இனங்களுக்கு, வளைவின் உச்சியில் செருகப்படும் கல்லின் பெயரை வைத்தார். பாடநூல்களில் ஆதார இனம் என்று படிப்பது அதைத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, பாறையிலிருந்து மறைந்தவற்றில் பல, நட்சத்திர மீனுடன் நேரடி உறவே இல்லாதவை என்பதுதான். பாசிகளை நட்சத்திர மீன் காப்பாற்றவில்லை. அவற்றுக்கு இடமே விடாத மட்டியை அது தின்றுகொண்டிருந்தது, அவ்வளவே. பாறைக்கரையில் பற்றாக்குறை உணவுக்கு அன்று, ஒட்டிக்கொள்ள ஓர் அங்குல இடத்துக்கு. இரண்டு இனங்களுக்கு இடையே நடப்பதாக நாம் எழுதி வைக்கும் உறவுகளில் பெரும்பாலானவை மூன்றாவதொன்றின் வழியாகவே வேலை செய்கின்றன.

10 செப்டம்பர்

மேலே எழுதியதற்கு ஒரு பின்னிணைப்பு, ஏனென்றால் அதை மட்டும் படித்தவர் நட்சத்திர மீனுக்குக் கோயில் கட்டிவிடுவார். புரூஸ் மென்ஜும் அவருடைய குழுவினரும் ஒரேகான் கரையில் அதே நட்சத்திர மீனை அகற்றிப் பார்த்து 1994இல் எழுதினார்கள். அலை ஓங்கி அடிக்கும் திறந்த பாறைகளில் பெய்ன் சொன்னது அப்படியே நடந்தது. அலை தணிந்த மறைவான பாறைகளில் அதன் பங்கு மிகவும் பலவீனமாக இருந்தது. ஒரே விலங்கு, ஒரே இரை, ஒரே கடற்கரையோரம். ஆனால் ஓரிடத்தில் அரசன், இன்னோரிடத்தில் குடிமக்களில் ஒருவன். ஆதார இனம் என்பது ஒரு விலங்கின் பிறவிக் குணம் என்று நினைத்துப் பட்டியல் போடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அது ஓரிடத்தில் அந்த விலங்கு வகிக்கும் பதவி. இடம் மாறினால் பதவி பறிபோகும்.

13 செப்டம்பர்

சொந்த அனுபவம் ஏதாவது உண்டா, அல்லது எல்லாம் படித்ததுதானா என்ற கேள்விக்கு: கடற்கரையில் நட்சத்திர மீன் எறிந்ததில்லை, ஆனால் செம்பருத்திச் செடி வளர்த்திருக்கிறேன். அதில் மாவுப்பூச்சி அப்பியபோது வேப்பெண்ணெய் கரைசல் தெளித்தேன். குறைந்தது, சில நாளில் மீண்டும் வந்தது. பொறுமையிழந்து செடியின் முன் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தண்டில் எறும்புகள் சாரை சாரையாக ஏறி இறங்குவது கண்ணில் பட்டது. மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சும் சர்க்கரை நீரைப் பின்வழியாக வெளியேற்றுகிறது. எறும்பு அதைக் குடிக்கிறது; குடிப்பதற்குக் கூலியாக, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டுகளைக் கடித்து விரட்டுகிறது. அடித்தண்டைச் சுற்றிப் பிசின் தடவிய பட்டையைக் கட்டினேன். மற்ற செடிகளைத் தொட்டுக்கொண்டிருந்த கிளைகளையும் வெட்டினேன், இல்லாவிட்டால் எறும்பு பாலம் பிடித்து வந்துவிடும். அதற்குப் பிறகு நான் எதையும் தெளிக்கவில்லை. பொறிவண்டின் புழுக்கள் வந்து வேலையை எடுத்துக்கொண்டன.

ஒரு செடியை வைத்து உலகத்தை அளக்க முடியாது என்று சொல்வதற்கு முன், இதே கூட்டணி ஒரு தீவையே கவிழ்த்த கதையைப் படியுங்கள். இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவின் காட்டுத்தரையை ஆள்பவை கோடிக்கணக்கான செந்நண்டுகள். விழும் இலைகளையும் முளைவிடும் கன்றுகளையும் அவை தின்றுவிடுவதால், காட்டின் தரை பெருக்கி வைத்ததைப் போல வெறுமையாக இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பல் சரக்குடன் வந்த மஞ்சள் பைத்திய எறும்பு, பல பத்தாண்டுகள் அங்கே பேசாமல் இருந்தது. 1980களின் இறுதியில் அது மாபெரும் கூட்டங்களாகப் பெருகியிருப்பது கண்டறியப்பட்டது. அதற்கு எரிபொருள், மரங்களின் மேல் வாழும் செதில் பூச்சிகள் கசியும் சர்க்கரை நீர். எறும்புகள் நண்டுகளின் மேல் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சிக் குருடாக்கிக் கொன்றன. மடிந்த நண்டுகள் ஒரு கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். நண்டு இல்லாத இடங்களில் கன்றுகள் அடர்ந்து எழுந்தன. நண்டுகள் இருந்தவரை உள்ளே கால்வைக்க முடியாத ஆப்பிரிக்கப் பெருநத்தையும் அந்த வழியாக நுழைந்தது. மேலே மரங்களின் இலைகளில் சர்க்கரை நீர் படிந்து கரும்பூஞ்சை பிடித்தது.

2016 டிசம்பரில் அங்கே விடப்பட்டது எறும்பைத் தின்னும் எதுவும் அன்று. மலேசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட, இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு குளவி அது. எறும்புக்குச் சர்க்கரை தரும் அரக்குச் செதில் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது. எதிரியை அடிக்காமல் எதிரியின் சமையற்கட்டை அடிப்பது. என் செம்பருத்திப் பட்டையைவிட நுட்பமான வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

14 செப்டம்பர்

"அப்படியானால் ஓநாயை இறக்கிவிட்டு எறும்பை அரியணையில் ஏற்றுகிறீர்கள்" என்ற கிண்டல் ரசிக்கத்தக்கது. அரியணையே வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும், எறும்பின் பேச்சு வந்த பிறகு கென்யாவைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அங்கே புல்வெளியில் பரந்து நிற்கும் ஒருவகை வேலமரத்தின் முள்ளடிகள் உருண்டையாக உப்பியிருக்கும். எறும்புகள் அதைத் துளைத்து உள்ளே குடியிருக்கின்றன. காற்றடித்தால் அந்தத் துளைகள் சீழ்க்கையடிக்கும். மரம் வீடும் தேனும் தருகிறது. யானை கிளையை ஒடிக்க வந்தால் எறும்புகள் தும்பிக்கைக்குள் புகுந்து கடிக்கின்றன. டாட் பால்மர் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, யானை, ஒட்டகச்சிவிங்கி போன்ற பெரிய தாவரவுண்ணிகளைப் பத்தாண்டுகள் வேலியிட்டுத் தடுத்த நிலத்தைப் பற்றியது. தின்பவர் இல்லையே, மரங்கள் செழித்திருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. தாக்குதல் நின்றதும் மரம் காவலுக்குக் கொடுத்த கூலியைக் குறைத்தது. தேனும் குறைந்தது, உப்பிய முள்ளும் குறைந்தது. காவல் எறும்புகள் வலுவிழக்க, அந்த இடத்தை வேறோர் எறும்பினம் பிடித்தது. இது மரத்தைக் காப்பதில்லை, தண்டைக் குடையும் வண்டின் துளைகளிலேயே குடியிருப்பதால் வண்டை விரட்டவும் செய்வதில்லை. மரங்கள் மெதுவாக வளர்ந்தன, அதிகமாக மடிந்தன. பகைவன் இல்லாததால் நட்பு முறிந்தது.

இதன் தொடர்ச்சி 2024இல் வந்தது. பெருந்தலை எறும்பு என்ற அயல் எறும்பு நுழைந்த பகுதிகளில் காவல் எறும்புகள் அழிக்கப்பட்டன. காவலில்லாத மரங்களை யானைகள் மற்ற இடங்களைக் காட்டிலும் ஐந்து முதல் ஏழு மடங்கு வேகத்தில் ஒடித்தன. மறைவு இல்லாத வெட்டவெளியில் பதுங்கிப் பாய முடியாத சிங்கத்திடமிருந்து வரிக்குதிரைகள் தப்பின. சிங்கங்கள் கொன்ற இரையில் 2003இல் 67 விழுக்காடாக இருந்த வரிக்குதிரையின் பங்கு 2020இல் 42 விழுக்காடாகக் குறைய, காட்டெருமையின் பங்கு கூடியது. சிங்கங்களின் எண்ணிக்கை குறையவில்லை. இரையை மாற்றிக்கொண்டு சமாளித்தன. காட்டெருமையை வீழ்த்துவது ஆபத்தான வேலை என்பதால் இந்தச் சமாளிப்பு எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கேள்வி. சங்கிலி நீண்டுகொண்டே போகும் என்று நினைக்கும் ஆர்வத்தில், சங்கிலி அறுபடும் இடத்தை நாம் கவனிப்பதில்லை. இங்கே அது சிங்கத்தின் நெகிழ்வில் அறுந்தது.

15 செப்டம்பர்

டோடோவைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. மொரீசியஸ் தீவின் ஒரு மரத்தின் விதை, டோடோ பறவையின் வயிற்றில் அரைபட்டால்தான் முளைக்கும், டோடோ அழிந்ததால் முந்நூறு ஆண்டுகளாக ஒரு கன்றும் முளைக்கவில்லை என்று ஸ்டான்லி டெம்பிள் 1977இல் எழுதினார். வான்கோழிகளுக்கு 17 விதைகளைத் திணித்து ஊட்டினார். 7 நொறுங்கின, 10 வெளியே வந்தன, அவற்றில் 3 முளைத்தன. வயிற்றுக்குள் போகாத விதைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு அந்தச் சோதனையில் இல்லை. டோடோவின் காலத்துக்குப் பின்னர் பிறந்த மரங்கள் இருப்பதும், அரைபடாத விதையும் முளைப்பதும் தெரியவந்தன. வான்கோழிகளின் கருத்தை யாரும் பதிவு செய்யவில்லை.

ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்ற அமைப்பு இயற்கையில் இல்லாமல் இல்லை; அத்தி வகைகளுக்கும் அவற்றின் குளவிகளுக்கும் இடையிலுள்ள உறவு பெரும்பாலும் அத்தகையதுதான். ஆனால் விதை பரப்பும் உறவுகளில் ஒருவரின் வேலையை இன்னொருவர் அரைகுறையாகவாவது செய்துவிடுகிறார். அதே மொரீசியஸில் ஒரு சிறு தீவில், அழிந்துபோன பெரும் ஆமைகளுக்கு மாற்றாக அல்டாப்ரா ஆமைகளை விட்டார்கள். அவை அங்குள்ள கருங்காலி மரத்தின் பழங்களைத் தின்று விதைகளைப் பரப்பின, வயிற்றைக் கடந்த விதைகள் நன்றாகவும் முளைத்தன. கேள்வி கேட்டவரின் பக்கம் இது ஒரு வலுவான சான்று. நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

18 செப்டம்பர்

விலங்கு, பூச்சி என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு நுண்ணுயிரை மறந்தால் கணக்கு தவறும். 1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த மாட்டு வெக்கை நோய், வளர்ப்பு மாடுகளை மட்டும் கொல்லவில்லை. தான்சானியாவின் செரங்கெட்டி சமவெளியில் மேயும் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மானினத்தின் கூட்டங்களையும் அடக்கி வைத்திருந்தது. மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்போட, 1960களின் தொடக்கத்தில் நோய் காட்டு விலங்குகளிடமிருந்தும் மறைந்தது. ஏறத்தாழ இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் 1970களின் இறுதியில் பதின்மூன்று லட்சத்தை எட்டியது. இவ்வளவு வாய்கள் புல்லை மேய்ந்துவிட, காய்ந்து எரியப் புல் மிஞ்சவில்லை, காட்டுத்தீ குறைந்தது, தீயில் கருகிக்கொண்டிருந்த மரக்கன்றுகள் தலையெடுத்தன. ஊசி போட்டவர்கள் நினைத்தது மாட்டை, வளர்ந்தது மரம்.

இதை எழுதும்போதே ஒரு மறுயோசனை. மேலே பெய்னைப் பற்றி எழுதியபோது இடத்தை அழுத்திச் சொன்னேன். அது போதாது. எந்த வரிசையில் எது நீங்கியது, இடையில் எத்தனை காலம் ஓடியது என்பதும் அதே அளவு முக்கியம். நோய் நீங்கியதும் செரங்கெட்டி விரைவாக மாறியது. மான் குறைந்தும் எல்லோஸ்டோனின் ஓடைகள் மாறவில்லை. வில்டபீஸ்டுக்குப் புல்லும் நிலமும் அப்படியே காத்திருந்தன. வில்லோவுக்கு அடிநிலத்து நீரே காத்திருக்கவில்லை.

21 செப்டம்பர்

இந்த இடத்தில் கடல் நீர்நாயைக் கொண்டுவராமல் முடியாது. உரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு 1911இல் உடன்படிக்கையால் காக்கப்பட்டபோது, வட பசிபிக்கில் அவை சிற்சில இடங்களில் மட்டுமே எஞ்சியிருந்தன. 1970களில் ஜேம்ஸ் எஸ்டெஸ் அலூசியன் தீவுகளில் நீர்நாய் உள்ள தீவையும் இல்லாத தீவையும் ஒப்பிட்டார். முன்னதில் கெல்ப் என்னும் பெரும்பாசிக் காடு. பின்னதில் கடல் முள்ளெலிகள் என்னும் முள்ளுருண்டை போன்ற சிற்றுயிர்கள் மேய்ந்து தீர்த்த வெறும் பாறை. 1990களில் நீர்நாய்கள் மீண்டும் சரிந்தபோது, கொலைகாரத் திமிங்கிலங்கள் அவற்றைத் தின்னத் தொடங்கியதே காரணம் என்று அவர் வாதிட்டார்.

ஆனால் வட கலிபோர்னியாவைப் பாருங்கள். அங்கே நீர்நாய்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டன. கெல்ப் காடோ 2013 வரை நின்றது. காவலை ஏற்றுக்கொண்டவற்றுள் முதன்மையானது முள்ளெலியைத் தின்னும் சூரியகாந்தி நட்சத்திர மீன். அது காவலில் இருந்ததை அது போகும்வரை பெரும்பாலோர் உணரவில்லை. 2013இல் நட்சத்திர மீன்களைக் கரைத்தழிக்கும் நோய் பரவியது. அந்த நோயை உண்டாக்குவது ஒரு விப்ரியோ பாக்டீரியா என்பது 2025 ஆகஸ்டில்தான் வெளியாயிற்று. அதைத் தொடர்ந்து கடல் வெப்பம் உயர்ந்து கெல்ப்பை வாட்டியது. சில ஆண்டுகளில் அந்தக் கரையின் கெல்ப் காட்டில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டது. இதில் கொடுமை, தின்ன எதுவும் இல்லாத வெறும் பாறையிலும் ஊதா முள்ளெலிகள் பட்டினியாகப் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கின்றன. தளிர்விடும் கெல்ப்பை அப்போதே கடித்துவிடுகின்றன. பட்டினி கிடக்கும் முள்ளெலியின் ஓட்டுக்குள் சதையே இல்லாததால், நீர்நாய் இன்னும் வாழும் மற்றக் கரைகளில்கூட அது அதை விட்டுவிட்டுக் கொழுத்த முள்ளெலி உள்ள கெல்ப் திட்டுக்குப் போகிறது. எஞ்சிய காட்டைக் காப்பதில் நீர்நாய் கைதேர்ந்தது. பாழான பாறையைக் காடாக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

24 செப்டம்பர்

"அப்படியானால் எதையும் திருப்பிக் கொண்டுவர வேண்டாமா?" என்று கேட்டவர் கோபத்தோடு கேட்டிருக்கிறார். வேண்டும். எதனால் போனது என்பது தீர்ந்திருக்கிறதா, அது இல்லாத காலத்தில் அந்த இடத்தில் யார் குடியேறினார்கள் என்ற இரண்டையும் பார்த்துவிட்டுக் கொண்டுவர வேண்டும்.

இந்தியாவின் பாறுக் கழுகுகள் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் வலிமருந்து, செத்த மாட்டின் உடலில் எஞ்சி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்பது 2004இல் உறுதியானது. கால்நடைக்கு அதைக் கொடுப்பது 2006இல் தடை செய்யப்பட்டது. அதற்குள் வெண்முதுகுப் பாறு தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் அழிந்திருந்தது. பிணங்கள் மிஞ்சின, தெருநாய்கள் பெருகின. நாய் பாறுவின் இடத்தை நிரப்பியது என்று சொல்வார்கள். எலும்பு வரை சுத்தமாக்கும் வேலையை அது நிரப்பவில்லை, வெறிநோயைச் சேர்த்துக்கொண்டு வந்தது. பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுவது; குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கம் செய்யவே ஐந்தாண்டுகள் ஆகும். கூண்டில் வளர்த்து வெளியே விடும் முயற்சிகள் நடக்கின்றன, நல்லது. ஆனால் பாறுகளுக்கு நஞ்சான கீட்டோபுரோஃபெனும் அசிகுளோஃபினாக்கும் கால்நடை மருத்துவத்தில் 2023 வரை தடை செய்யப்படாமல் இருந்தன. பாறுகளைக் கொல்லாத மெலோக்சிகாம் மருந்தோ அத்தனை ஆண்டுகளும் கையிலேயே இருந்தது. விடப்படும் பறவை முதலில் இறங்கப் போவது ஒரு செத்த மாட்டின் மேல். அந்த மாட்டுக்குக் கடைசியாக எந்த ஊசி போடப்பட்டது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.